மட்டை காத்திருக்காது

திருச்சிக்கு நான் போனது சாமி கும்பிட அல்ல, சொந்தம் பார்க்கவும் அல்ல. ஒருத்தி பேசுவதை இன்னொருத்திக்குச் சொல்லப் போனேன். இரண்டு மொழிக்கு நடுவில் நிற்பதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் குடியேறி, எந்த ஊரிலும் முழுசாக உட்காராமலே ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ரயில் ஓடினால் தூங்குவேன். நின்றால் விழித்துக்கொள்வேன்.

என்னோடு வந்தவர் மார்த். எழுபதை நெருங்குகிற பெண்மணி. பிரான்சின் வடக்கே, கடல் காற்று ஓயாமல் அடிக்கிற ஒரு சின்ன ஊருக்கு மேயராக இருந்தவர். மேயர் என்றதும் நம்மூரில் அங்கியையும் சங்கிலியையும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக் கடை, கொஞ்சம் மாடு இருந்தால் அந்த ஊருக்கும் ஒரு மேயர் உண்டு. சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போது மார்த் முன்னாள் மேயர். தேர்தலில் தோற்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களோடு அவர் ஊரைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

போகிற இடம் கோரைக்குடி. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, முக்கொம்பு போகிற பக்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழைத் தோட்டங்களுக்குள் கிடக்கிற ஊர். அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தவர் வளர்மதி. அவரும் முன்னாள்தான். பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை, ஊராட்சியைத் தனி அலுவலர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அதற்குள் கோரைக்குடியை நகரத்தோடு சேர்க்கிற உத்தரவும் வந்துவிட்டது.

இந்த இரண்டு முன்னாள்களையும் சேர்த்து வைத்தது நார். மார்த்தின் ஊரில் ஆளிச்செடி, லினன் துணிக்கு நூல் தருகிற செடி. வளர்மதியின் ஊரில் வாழை; மட்டையிலிருந்து நார் பிரிக்கிற எந்திரம் ஒன்றை ஒரு ஷெட்டில் வைத்து ஊர்ப் பெண்கள் நடத்துகிறார்கள். ஊரடங்கு காலத்தில் யாரோ நடத்திய ஒரு இணையக் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடாமலே மாதாமாதம் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். எந்திரத்தின் பல் தேய்ந்தது, பஞ்சாயத்துப் பேச்சு, மருமகளின் பிரசவம், எல்லாம்.

மார்கழி முடிகிற சமயம் வளர்மதி போன் செய்தார்.

"அக்கா, மேயரம்மாவைக் குடியரசு தினத்துக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க ஊருக்கு அதுதான் கடைசி கிராம சபை. நகரத்தோட சேந்துட்டா அப்புறம் கிராம சபையே கிடையாது. ஷெட்டைக் காப்பாத்தணும்னா அன்னைக்கு அவங்க நாலு வார்த்தை பேசணும். நாங்க பேசினா மினிட் புக்குல ஏறும். வெள்ளைக்காரம்மா பேசினா காதுல ஏறும்."

அப்படித்தான் கிளம்பினோம்.

ஜங்ஷனில் இறங்கும்போது பனி விலகவில்லை. எங்களுக்காகப் பேசி வைத்த கார்க்காரர் ரஃபீக் பாய், வெள்ளைத் தாடி, கழுத்தில் மஃப்ளர். பாலக்கரை தாண்டியதும் மலைக்கோட்டை தெரிந்தது. வீடுகளுக்கு நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கல் மாதிரி. மார்த் கண்ணாடியை இறக்கி, "இதை யார் கொண்டுவந்து வைத்தார்கள்?" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"வச்சது யாருன்னு தெரியலைங்க," என்றார் பாய். "எடுக்கச் சொல்லி இன்னும் ஆர்டர் வரலை."

மார்த் வெகுநேரம் சிரித்தார். பாதி வாழ்க்கையை ஆர்டருக்குக் காத்திருந்தே கழித்தவருக்கு அது புரியும்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். வெண்பொங்கலில் நெய் மிதந்தது. மார்த் மிளகைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு காபிக்குக் கை நீட்டினார். டவராவில் ஆற்றிக் குடிக்கக் கற்றுக்கொண்டதும், தங்கள் ஊர் காபிக்கு இந்தச் சடங்கு இல்லாததுதான் குறை என்றார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஏரியாவையும் சேக்கறாங்களாம். வீட்டு வரி ஏறும்யா."

"ஏறட்டும். மனை விலையும் ஏறும்ல. விக்கிறப்ப சிரிப்பே."

"விக்கிறதுக்கா கட்டினேன்?"

என்ன பேசுகிறார்கள் என்று மார்த் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். "எங்கள் ரொட்டிக் கடையிலும் இதே மேசைதான்."

மறுநாள் கோரைக்குடிக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. தை மாதத்துத் தண்ணீர், மேட்டூரை மூடப்போகிற சமயத்துத் தண்ணீர். நடுவில் மணல் திட்டுகள் முதுகு காட்டத் தொடங்கியிருந்தன. அம்மா மண்டபத்துப் படியில் யாரோ யாருக்கோ பிண்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு தன் பாட்டுக்கு வாங்கிக்கொண்டு போனது.

ஸ்ரீரங்கம் தாண்டி, இரண்டு பக்கமும் வாழை தொடங்கிய இடத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. பாய் அதைச் சோகமாகத் தட்டினார். "மச்சான் எடுத்துட்டுப் போனான். அப்பவே நினைச்சேன்." வளர்மதிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வண்டி வாழைத்தாரோடு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வளர்மதியின் கணவர் சேகர்.

"எல்லா ஊர்லயும் பொம்பளை தலைவரா இருந்தா புருஷன் தலைவர் மாதிரி நடந்துப்பான்," என்றார், எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டு. "எங்க வீட்ல நான் டிரைவர்தான். அவ தலைவரா இருந்தப்பவும் டிரைவர், இப்பவும் டிரைவர். எனக்குப் பதவிக்காலம் முடியவே இல்லை."

முன் இருக்கையில் மார்த், என் மடியில் அவர் பை, காலடியில் ஒரு பூவன் சீப்பு. தார்களின் பச்சை வாசனை. எங்கள் பக்கத்து டிராக்டர்களில் இப்படி உட்கார விடமாட்டார்கள், காப்பீடு பேசுவார்கள் என்றார் மார்த். சேகர் ஒவ்வொரு குழிக்கும் முன்னால் "பிடிச்சுக்குங்க" என்றார். குழிக்கு அப்புறம் "ஒண்ணும் இல்லை" என்றார்.

ஊர் எல்லையில் ஒரு வளைவு. நீலப் பெயிண்ட், மஞ்சள் எழுத்து. 'நகரத்துக்கு நிகரான கிராமம், கோரைக்குடி, தங்களை அன்புடன் வரவேற்கிறது.' நான் மொழிபெயர்த்ததும் மார்த் வளைவைக் கடக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

வளர்மதி நாற்பது வயதுக்காரர். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம், குரல் பெரிது. மார்த்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மாதாமாதம் பேசியவர்களுக்கு முதல்முறை நேரில் பார்க்கும்போது சொல்ல எதுவும் இல்லை. எனக்கும் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. என் தொழிலில் அது ஓய்வு நேரம்.

ஷெட் ஆற்றங்கரை ஓரத்துப் பொதுநிலத்தில் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு, நடுவில் எந்திரம். வெளியே கொடிக்கயிறுகளில் நார் காய்ந்துகொண்டிருந்தது, குளித்துவிட்டு வந்த பெண்கள் வரிசையாகத் தலை உலர்த்துவது போல. காற்று வந்தால் மொத்தக் கரையும் பொன்னிறமாக அசைந்தது. நான் பார்த்த கடல்களில் ஒன்றுகூட அப்படி அசைந்ததில்லை.

முன்பெல்லாம் தார் வெட்டிய பிறகு மட்டையை வாய்க்காலில் தள்ளிவிடுவார்களாம். வாய்க்கால் அடைக்கும், சண்டை வரும், ஆண்டுக்கு ஒரு மண்டை உடையும். அந்தச் சண்டையைத் தீர்க்கக் கிராம சபையில் பேசப்போய்த்தான் இந்த ஷெட் பிறந்தது. யார் தார் வெட்டினாலும் மட்டையைக் காலையில் ஷெட் வாசலில் இறக்கிவிட வேண்டும். சொல்லிவிட்டு வர வேண்டாம், கேட்டுவிட்டு வர வேண்டாம். இறக்கிவிட்டுப் போகலாம். எந்திரம் நாரைப் பிரிக்கும். சாறு திரும்ப வயலுக்கு. சக்கை குழிக்கு. குழியை உரமாக்குவது நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்.

"எவன் வயல்ல கத்தி விழுந்தாலும் மட்டை தானா இங்க வந்துடும்," என்றார் பாப்பாத்தி. ஷெட்டில் மூத்தவர், வெற்றிலை வாய், யாரையும் விடாத நாக்கு. "சாமிக்கு முடி இறக்குற மாதிரி."

வளர்மதி ஒரு மட்டையை எடுத்து விரலால் அழுத்திக் காட்டினார். தண்ணீர் கசிந்தது. "மட்டை காத்திருக்காதுக்கா. காலையில வந்தது சாயங்காலத்துக்குள்ள ஓடணும். மறுநாள்னா நாரு கருத்துப் போயிடும். அதான் ஷெட்டு வயலுக்குப் பக்கத்துல இருக்கணும்ங்கறேன். காட்டூர் தாண்டி தஞ்சாவூர் ரோட்டுல புத்தாக்க மையம் கட்டியிருக்காங்க. கண்ணாடிக் கட்டிடம். அங்க கொண்டுபோய் வச்சா மட்டை எப்படிப் போகும்? இவங்கதான் எப்படிப் போவாங்க? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி இன்னொரு பஸ் மாறணும். மாட்டை யாரு பாக்குறது?"

மார்த்துக்கு நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பதில் சொன்னார். ஆளிச்செடியைப் பிடுங்கி, நார் கழல்வதற்காக வயலிலேயே பனியில் படுக்க வைப்பார்களாம். தினம் காலையில் போய் ஒரு தண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் நார் அழுகிவிடும். "அதுவும் கூட்டம் முடியும்வரை காத்திருக்காது" என்றார்.

இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் வளர்மதி வீட்டில் சாப்பாடு. வாழைத்தண்டுக் கூட்டு, வாழைப்பூ வடை, வாழைக்காய் வறுவல், எல்லாம் வாழை இலையில். மார்த் கைவிரலால் சாப்பிட்டுப் பழகினார். ரசம் மணிக்கட்டுவரை ஓடியது. சேகர் மும்முரமாகப் பார்த்துவிட்டு, "சாப்பாடு, தட்டு, கயிறு, உரம், எல்லாம் ஒரே ஆளு. நம்ம வீட்ல இவ மாதிரி," என்று மனைவியைக் காட்டினார். "வாயை மூடிட்டு மோர் ஊத்துங்க," என்றார் வளர்மதி.

மூன்றாம் நாள் நகரத்தில் ஒரு அலுவலகம். அதிகாரி நல்ல மனிதர். இதை நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் வில்லன் இருந்திருந்தால் துக்கம் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். "நான் வையம்பட்டிக்காரன் மேடம். அப்பா விவசாயிதான்," என்றார்.

ஒவ்வொன்றாக விளக்கினார். ஷெட் ஊராட்சி நிலத்தில் இருக்கிறது. எந்திரம், சிறந்த கிராமம் என்று கோரைக்குடிக்குக் கிடைத்த பரிசில் வாங்கியது, அதனால் அதுவும் ஊராட்சிச் சொத்து. இனி ஊராட்சி இல்லை. நிலமும் எந்திரமும் மேலே போகும். மையத்தைத் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. வாழைநார்தான் இந்த வட்டாரத்துக்கான தொழில் என்று மேலே முடிவெடுத்திருக்கிறார்கள். முன்னோடி எந்திரம் அங்கே இருக்க வேண்டும்.

"உங்க ஐடியாதாம்மா மாவட்டம் முழுக்கப் போகப்போகுது. நீங்க சந்தோஷப்படணும்."

"ஐடியா போகட்டும் சார்," என்றார் வளர்மதி. "அது எங்க வேணாலும் போகும், அதுக்கு பஸ் வேணாம். ஷெட்டு எதுக்கு சார் போகணும்?"

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். எந்த ஊரைச் சேர்ப்பது என்று முடிவானபோது அவரிடம் யாரும் கேட்கவில்லை என்றார். அவருக்கு மேலே இருப்பவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றார். "எங்கிட்ட வர்றப்பவே முடிவாத்தான் வருது. நான் கீழ அனுப்பறேன்." அப்புறம் தயங்கி, மெதுவாக, திட்டுவது போல் இல்லாமல் சொன்னார். "ஆய்வுக்கு வந்தவங்க என்ன எழுதினாங்க தெரியுமாம்மா? ரோடு இருக்கு, விளக்கு இருக்கு, குழாய்த் தண்ணி இருக்கு, கிராமத்துக்கான அடையாளம் எதுவும் இல்லைன்னு. நீங்களே வளைவுல எழுதி வச்சிருக்கீங்களே, நகரத்துக்கு நிகரான கிராமம்னு. அதைப் போட்டோ எடுத்துச் சேத்திருக்காங்க."

வளர்மதி என்னைப் பார்த்தார், நான் ஏதோ மொழிபெயர்த்து அதை வேறாக்கிவிடுவேன் என்பது போல. பரிசு வந்த வாரம் ஊரே கூடி முடிவு செய்த வாசகமாம் அது. பக்கத்து ஊர் வளைவில் 'முன்மாதிரிக் கிராமம்' என்று போட்டிருந்தார்கள், அதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று வைத்தது. எந்த ஊரும் பக்கத்து ஊரைப் பார்த்துத்தான் தன் பெயரை எழுதுகிறது. மேலே இருந்து யாரோ அதை வாசிப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு நடக்க வேண்டும் போலிருந்தது. வளர்மதி பஸ் ஏறிப் போய்விட, மார்த்தும் நானும் ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். ராஜகோபுரத்துக்குக் கீழே மனிதர்கள் கடுகு மாதிரி. உள்ளே போகப் போக வீதி, மதில், வாசல், மறுபடி வீதி, மதில், வாசல். முதல் மதில்களுக்குள் பாத்திரக்கடை, பூக்கடை, சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். அப்புறம் செருப்பைக் கழற்ற வேண்டும். அப்புறம் சத்தம் குறையும். மார்த் மதில்களை எண்ணிக்கொண்டு வந்தார். ஊர் மன்றம், ஊர்களின் கூட்டமைப்பு, மாவட்டம், மாகாணம், நாடு, ஐரோப்பா என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெயர் சொன்னார். "நிதி உள்ளேயிருந்து வெளியே வரும். விண்ணப்பம் வெளியேயிருந்து உள்ளே போகும். வழியில் இரண்டும் சந்திப்பதில்லை."

ஒரு வாசலில் நின்றோம். நாமம் போட்ட பெரியவர் ஒருவர், கையில் துளசி, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவாளை இதுக்கு மேல விடமாட்டாம்மா. இங்கேர்ந்தே சேவிச்சுக்கச் சொல்லுங்கோ. பெருமாளுக்குத் தூரம் ஏது, கடாட்சம் இங்கேயும் வரும்."

மார்த் கைகூப்பி நின்றார். உள்ளே இருட்டில், படுத்திருக்கிறவரின் திசையில் ஒரு விளக்கு மட்டும் தெரிந்தது. "அவர் தூங்குகிறாரா?" என்று கேட்டார்.

"கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் பார்க்கிறார் என்பார்கள்."

"எங்கள் தலைநகரத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்," என்றார் மார்த். சிரிக்கவில்லை.

குடியரசு தினத்தன்று ஊராட்சி அலுவலகத்து முன்னால் கொடி ஏறியது. தனி அலுவலர், இளைஞர், புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நின்றார். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். ஷாமியானாவுக்குக் கீழே ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் யாருமில்லாத ஒரு சந்து. எப்போதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கடைசித் தடவை என்றால் எதற்கும் கூட்டம் கூடும்.

மார்த் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தார். முந்தின நாள் காரில் எனக்குப் படித்துக் காட்டினார். பெரிய திட்டங்கள் சின்ன ஊர்களின் கையைப் பிடித்துத்தான் நடக்கப் பழக வேண்டும் என்று தொடங்கும். நல்ல பேச்சு. நம்பிக்கையான பேச்சு. நான் அதற்குத் தமிழ்ச் சொற்களைத் தேடித் தயாராக வைத்திருந்தேன்.

அவர் எழுந்து தாளைப் பிரிப்பதற்குள் பாப்பாத்தி உட்கார்ந்தபடியே கேட்டார். "பேசுறது இருக்கட்டும். உங்க ஊரையும் சேத்துட்டாங்களாமே. சேத்தப்புறம் என்னாச்சு, நல்லதா, கெட்டதா? அதைச் சொல்லச் சொல்லுங்க."

நான் சொன்னேன். மார்த் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நல்லதும் நடந்தது," என்றார். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினார், நானும் பின்னால் நடந்தேன். "ரோடு நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூட பஸ் நேரத்துக்கு வருகிறது. எங்களை யாரும் ஏமாற்றவில்லை. சேரலாம் என்று நானே கை தூக்கினேன். எங்கள் நார் எந்திரத்தைப் பார்த்துவிட்டு மாகாணத்தில் ஒரு பெரிய மையம் கட்டினார்கள். திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டியதும் நான்தான்."

அடுத்த வாக்கியத்தை அவர் சொன்னார். நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. கசப்பில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் யாருக்கும் தெரியாது. வளர்மதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறைக்காம சொல்லுங்கக்கா," என்றார்.

குறைக்காமல் சொன்னேன். "எங்கள் எந்திரம் இப்போது அந்த மையத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஓடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பெட்டியில் எங்கள் ஊர் பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கிறேன். யாரும் கதவைத் தட்டுவதில்லை. சாக்கடை அடைத்தால் ஒரு நம்பருக்குப் போன் செய்கிறார்கள், நன்றாகத்தான் சரிசெய்கிறார்கள். ஆனால் என்னோடு சண்டை போட யாரும் வருவதில்லை."

ஷாமியானாத் துணி காற்றில் படபடத்தது. தனி அலுவலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டியைத் தொடைக்கவாவது உங்க ஊர் ஆளை வச்சாங்களா?" என்றார் பாப்பாத்தி.

மார்த் கேட்டுவிட்டு, "இல்லை, அதற்கு டெண்டர்," என்றார்.

ஊரே சிரித்தது. தனி அலுவலரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோதுதான், அடியில் என்ன கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மணல் தெரிவது போல.

ஷெட்டும் எந்திரமும் கோரைக்குடிப் பெண்களிடமே இருக்க வேண்டும் என்று தீர்மானம் வாசித்தார்கள். எல்லாக் கையும் மேலே போனது. சேகர் இரண்டு கையையும் தூக்கினார், வளர்மதி ஒன்றைத் தட்டி இறக்கினார். தனி அலுவலர் எழுதிக்கொண்டு, "மேல அனுப்பறேன்மா," என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மேல போய்ச் சேர்றப்ப இந்த ஊர்ல கிராம சபைன்னு ஒண்ணு இருக்காது. இல்லாத சபையோட தீர்மானத்தை என்ன பண்ணுவாங்கன்னு எனக்கே தெரியலை."

"நீங்க அனுப்புங்க தம்பி," என்றார் வளர்மதி. "இருந்தோம்னு தெரியட்டும்."

மறுநாள் காலை விடைபெற்றுக்கொள்ளப் போனோம். எங்களுக்கு முன்னால் லாரி வந்து நின்றிருந்தது. மையத்தைத் திறப்பதற்குள் எந்திரம் போய்ச் சேர வேண்டுமாம். தீர்மானம் இன்னும் மேஜையைவிட்டே நகர்ந்திருக்காது.

பெண்கள் எந்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஒருத்தி குங்குமம் வைத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு வைப்பது போல. யாரும் மறிக்கவில்லை, கத்தவில்லை. நான் மறிப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஆசைப்பட்டேன்கூட. வளர்மதி, ஏற்றவந்த ஆட்களிடம் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் பல் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் கொண்டுவந்த நைலான் கயிறு போதவில்லை. பாப்பாத்தி உள்ளே போய், ஷெட்டில் முறுக்கிய வாழைநார்க் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது அறாது. கட்டுங்க."

லாரி டிரைவர் ஏறியபோது வளர்மதி கதவருகே போனார். "தம்பி, அங்க யாரு வாங்குறாங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க. மட்டை அன்னன்னைக்கு வெட்டினதா இருக்கணும். கண்ணாடிக்குள்ள வச்சிடாதீங்க. ஓட்டுங்க."

"நான் லோடுதாங்க்கா எடுத்துட்டுப் போறேன்," என்றான் அவன், பாவமாக.

"சரி, சொல்லிப் பாருங்க."

லாரி போன பிறகு ஷெட்டின் நடுவில் எண்ணெய் ஊறிய ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கொடிக்கயிற்றில் நார் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. காற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலும், அது வழக்கம் போல அசைத்தது.

மார்த் தன் பையிலிருந்து ஒரு லினன் துணியை எடுத்தார். அவர் ஊர்ப் பெயரில் நெய்த கடைசித் துணி. வளர்மதி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். பேசத் தெரிந்த நான் தூரத்தில் நின்றேன்.

வழியனுப்ப வளர்மதி வளைவுவரை கூடவே நடந்துவந்தார். பாய் புது டயர் போட்ட காரோடு காத்திருந்தார். வளைவின் பின்பக்கத்தை மார்த் அப்போதுதான் கவனித்தார். அதிலும் எழுத்து இருந்தது. என்ன என்று கேட்டார்.

"நன்றி, மீண்டும் வருக."

மார்த் தலையசைத்தார். "எங்கள் பக்கம் ஊருக்குள் நுழையும்போது ஊர் பெயரை எழுதியிருப்பார்கள். வெளியேறும்போது அதே பெயரின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், ஊர் முடிந்தது என்பதற்காக. மேயராக இருந்தபோது அந்தக் கோட்டைத் தினம் தாண்டினேன். ஒருநாளும் பார்த்ததில்லை."

வளர்மதி என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் அண்ணாந்து தன் வளைவைப் பார்த்தார், மஞ்சள் எழுத்தை, அந்த வாசகத்தை. பெயிண்ட் இன்னும் புதுசாகவே இருந்தது.

அப்போது எதிரே மண்பாதையில் ஒரு டிராக்டர் திரும்பியது. டிரெய்லர் முழுக்க அன்று காலையில் வெட்டிய மட்டை, தண்ணீர் சொட்டச் சொட்ட. யாரோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர். லாரி வந்துபோனது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். "தலைவரம்மா, ஷெட்டுலதானே?" என்று, கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் மார்த்தைப் பார்த்தேன். யார் சொல்வது என்று தெரியவில்லை.

வளர்மதி வழியைவிட்டு ஒதுங்கி நின்றார். லினன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆமா," என்றார். "இறக்கிட்டுப் போங்க."

டிராக்டர் வளைவுக்குக் கீழே போனது. அவர் அதன் பின்னாலேயே, சொட்டிய ஈரத்தின் மேல் நடந்து, ஷெட்டைப் பார்த்துப் போனார்.